கோத்தகிரியில் கதைக்கரு கிடைக்கும் ஒரு தேநீர்க்கடை

கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் கீழிறங்கினால் வரும் அந்தத் தேநீர்க்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முன்பு ஒரு பலகை இருந்ததாகவும், ஆடி மாதக் காற்றில் அது கழன்று விழுந்த பிறகு, நல்ல மரமாயிற்றே என்று பலகாரத் தட்டுகளுக்கு அடியில் தாங்கலாகப் போட்டுவிட்டதாகவும் கடைக்காரர் சொல்கிறார். குனிந்து பார்த்தால் போண்டா தட்டுக்குக் கீழே நீல நிறத்தில் இரண்டு எழுத்துகள் இன்னும் தெரிகின்றன. வாடிக்கையாளர்கள் அதைக் கீழ்க்கடை என்கிறார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

குன்னூரில் வசிக்கும் நான் வாரத்துக்கு இருமுறை பேருந்து ஏறி இந்தக் கடைக்கு வருவது தேநீருக்காக மட்டும் அல்ல. சிறுகதை எழுதுகிறவன் என்று தெரிந்தவுடன் எவரும் கேட்கிற முதல் கேள்வி, "கதைக்கு விஷயம் எங்கேயிருந்து கிடைக்குது?" என்பதுதான். பல ஆண்டுகளாக அதற்கு "வாழ்க்கையிலிருந்து" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிச் சமாளித்து வந்தேன். உண்மையான பதில் இந்தக் கடையின் பின்பெஞ்சு என்பதாகும். ஆகவே கதைக்கரு கிடைக்கும் இடம் என்ற அளவில் இக்கடை எப்படி இருக்கிறது என்பதையே இங்கு மதிப்பிட முயல்கிறேன்.

தேநீரைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளிக் கடைக்காரர் இங்கு வந்து தம் வழக்கப்படி தேநீர் போட்டால் சாறு முழுவதும் இறங்காது. இதையெல்லாம் புத்தகத்தில் படிக்காத கீழ்க்கடைக்காரர், டஸ்ட் தேயிலையைக் கூடுதல் நேரம் கொதிக்கவிட்டு, இஞ்சியைத் தட்டி, பாலைக் கடைசியில் சேர்க்கிறார். சுற்றிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைத் தோட்டமாக இருக்கும் ஊரில் நல்ல இலை ஏலத்துக்குப் போய்விடுவதும், தூள் மட்டும் ஊர்க்காரர் கண்ணாடி டம்ளருக்கு வருவதும் பழகிப்போன விஷயம். நீலகிரியின் அடுக்கடுக்கான பிஸ்கட்டாகிய வர்க்கி மொறுமொறுப்பாக இருக்கிறது. போண்டா காலை 10 மணிக்கு மேல் ஆறிப்போகிறது.

கடையின் உண்மையான சிறப்பு அது இருக்கும் இடத்தில்தான் உள்ளது. கோடநாடு, கீழ் கோத்தகிரி, சோலூர்மட்டம், மேட்டுப்பாளையம் என்று பல பக்கங்களுக்கும் போகும் பேருந்துகளுக்குக் காத்திருப்பவர்கள் இங்கு வந்து உட்காருகிறார்கள். பச்சைத் தேயிலையின் விலை கிலோவுக்கு எவ்வளவு இறங்கியது என்று கணக்குப் பார்க்கும் சிறு விவசாயிகள், வெள்ளைப் போர்வை போர்த்திய, நீலகிரியின் படுகர் சமூகத்துப் பெரியவர்கள், இந்த ஊர் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தக் கோத்தர் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வருபவர்கள், தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவாத்து வேலைக்கு வந்து சேர்ந்த வடமாநில இளைஞர்கள், இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இம்மலைகளில் குடியமர்ந்த குடும்பங்களின் மூதாட்டிகள் என்று ஒரே பெஞ்சில் ஐந்து வகை வரலாறு அமர்ந்திருக்கும். ஆனால் கதை எழுதுபவனுக்கு இந்தக் கூட்டத்தை விடவும் முக்கியமானது பேருந்துதான். பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் நடத்துநர் விசில் ஊதுகிறார். பேசியவர் பாதி வாக்கியத்தோடு எழுந்து ஓடுகிறார். மீதிப் பாதி எனக்கு வந்து சேருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டி, மஞ்சள் கயிற்றில் கழுத்தோடு ஒரு சாவியைக் கோத்திருந்தார். நீளமான தண்டும் நுனியில் இரண்டே பற்களும் கொண்ட பழங்காலப் பெட்டிச் சாவி அது. தோலில் உரசி உரசிப் பித்தளை ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண் அது எதன் சாவி என்று கேட்டார். "பூட்டு தலைமன்னார்ல இருக்கும்மா, சாவி மட்டுந்தான் கப்பல் ஏறிச்சு" என்றார், இலங்கையின் அந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறி வந்த மூதாட்டி. பெட்டிக்குள் என்ன இருந்தது, ஏன் விட்டு வந்தார்கள், யார் கையில் கொடுத்தார்கள் என்பதற்குள் சோலூர்மட்டம் பேருந்து வந்துவிட்டது. அவரைத் தேடிப் பிடித்து மீதியைக் கேட்டிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். கேட்டிருந்தால் எனக்கு ஒரு தகவல் கிடைத்திருக்கும். கேட்காததால் ஒரு பெட்டி கிடைத்தது, அதற்குள் நான் எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

கேட்டறிந்து எழுதும் முறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இதே நீலகிரியில் படுகர் வாழ்க்கையை வைத்து ‘குறிஞ்சித் தேன்’ நாவலை எழுதிய ராஜம் கிருஷ்ணன், எழுதப்போகும் மக்களிடையே சென்று பழகி, விசாரித்து, குறிப்பெடுத்து எழுதியவர். நாவலுக்கு அந்த உழைப்பு தேவைப்படுகிறது. 12 பக்கச் சிறுகதைக்கு அவ்வளவு தெரிந்திருந்தால் கை கட்டுப்பட்டுவிடுகிறது என்பது என் அனுபவம். மற்றவர்களுக்கு வேறு விதமாக இருக்கலாம்.

கரடிச் செய்திகளும் இங்கு தாராளமாகக் கிடைக்கின்றன. கோத்தகிரிப் பகுதியில் கரடி ஊருக்குள் வருவதும், கோயில் விளக்குகளுக்கான எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதும் புதிய விஷயம் அல்ல. ஆனால் கீழ்க்கடையில் ஒரு பூசாரி, எண்ணெய் தீர்ந்த கணக்கைக் கோயில் கமிட்டியிடம் எப்படி ஒப்புவிப்பது என்று புலம்பிக்கொண்டிருந்தார். கரடி குடித்தது எவ்வளவு, தாம் வீட்டுக்கு எடுத்துப் போனது எவ்வளவு என்பதில் அவருக்கே குழப்பம் இருந்ததாகத் தோன்றியது. கரடியைப் பற்றிய செய்தி நாளிதழுக்குப் போதும். கரடியின் தலையில் தன் பங்கையும் சேர்த்துக் கட்டிய மனிதர்தான் கதைக்கு வேண்டியவர்.

இக்கடையின் இன்னொரு வரவு, பார்சல் கட்டித் தரும் பழைய செய்தித்தாள். பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தாந்தால், ஒரு கொலை முயற்சி வழக்கின் செய்தியிலிருந்துதான் 1830இல் வெளிவந்த தமது பெரிய நாவலின் கருவை எடுத்தார். எனக்கு நீதிமன்றச் செய்திகளை விட விளம்பரப் பக்கமே அதிகம் உதவியிருக்கிறது. வரன் தேடும் விளம்பரங்களில் நிபந்தனைகள், காணவில்லை அறிவிப்புகளில் காணாமல் போனவர் உடுத்தியிருந்த சட்டையின் நிறம், நினைவஞ்சலிகளில் பெயர்களின் வரிசை ஆகியவற்றை எழுத்துக் கூட்டிப் படிப்பது என் வழக்கம். ஒருநாள் வர்க்கியைப் பிரித்த தாளில் ஒரு தம்பதியின் நினைவஞ்சலி இருந்தது. கணவர் முப்பது வயதுக்குள் இறந்திருக்க வேண்டும். மனைவி எண்பதை நெருங்கிப் போயிருக்கிறார். இருவருடைய படங்களையும் அருகருகே போட்டிருந்தார்கள். சுருட்டை முடியும் கோடு போட்ட சட்டையுமாக அவர், நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக அந்த அம்மாள். பார்ப்பவர்கள் தாயும் மகனும் என்றே சொல்வார்கள். வெண்ணெய்க் கறை அவருடைய தோளில் ஊறியிருந்தது. அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சாவி மட்டும் என் குறிப்பேட்டில் மூன்று ஆண்டுகள் சும்மா கிடந்தது. இரண்டு முறை எழுதத் தொடங்கி, ஏக்கமும் கண்ணீருமாக வந்ததால் கிழித்துப் போட்டேன். நினைவஞ்சலிப் படத்தைப் பார்த்த அன்று மாலை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன: பெட்டிக்குள் இருப்பது இளம் வயதில் இறந்த கணவனின் ஒரே புகைப்படம், இங்கே இருக்கும் கிழவிக்கு அவன் முகம் மறந்துவிட்டது, பேரனின் முகத்தைப் பார்த்து அவனை மறுபடி உருவாக்கிக்கொள்ள முயல்கிறாள். கதை நான்கு நாட்களில் முடிந்தது. ஒரே ஒரு பொருள் கையில் இருக்கும்போது அது வெறும் உருக்கமான சம்பவமாகவே நின்றுவிடுகிறது. தொடர்பே இல்லாத இரண்டாவது ஒன்று வந்து அதன்மேல் இடித்தால்தான் தீப்பொறி பறக்கிறது. கருவே கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் இளம் எழுத்தாளர்கள் பலரிடம் உண்மையில் ஒரு கரு இருக்கிறது, இரண்டாவதுதான் இல்லை. கீழ்க்கடைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருப்பதும் அதனால்தான்.

ஒப்பீட்டுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மலையிலேயே ஒரு விடுதியில் நடந்த மூன்று நாள் எழுத்தாளர் முகாமில் சற்றுப் பெரிய கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டேன். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு, மேசைமேல் கூர்தீட்டிய பென்சில்கள், மதியம் வரை யாரும் பேசக் கூடாது என்ற விதி, காலையில் ஆளுக்கொரு அட்டையில் ஒரு தூண்டுவரி. எனக்கு வந்த அட்டையில் "ஒரு கதவு திறக்கிறது" என்று இருந்தது. மூன்றாம் நாள் எல்லோரும் எழுதியதைப் படித்தபோது பதினோரு பேரில் ஒன்பது பேர் மூடுபனியைப் பற்றி எழுதியிருந்தோம். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லையே. அறையைக் காலி செய்யும் நேரத்தில், குப்பைக்கூடையிலிருந்து எங்கள் காகிதங்களை எடுத்து மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்த பணிப்பெண், "ஒரு பக்கம் வெள்ளையாத்தான் சார் இருக்கு, புள்ள கணக்குப் போட எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். நான் செலுத்திய பணத்துக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம். நம்முடைய மூடுபனியின் பின்பக்கத்தில் எங்கேயோ ஒரு குழந்தை வகுத்தல் கணக்குப் போட்டிருக்கும்.

கீழ்க்கடைக்குப் போகிறவர்கள் குறிப்பேட்டை வெளியே எடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். முதல் மாதம் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். டம்ளரையும் தட்டையும் உற்றுப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டே இருந்தவனை உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரி என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். அன்று முதல் டம்ளர்கள் வெந்நீரில் இருமுறை கழுவப்பட்டன. உணவுப் பொருளைச் செய்தித்தாளில் கட்டக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்து, வர்க்கி வெள்ளைத் தாளில் வரத் தொடங்கியது. கடைக்காரர் கண்ணைக் காட்டியதால் வாடிக்கையாளர்களும் வானிலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. உண்மையைச் சொல்லி நிலைமையைப் பழையபடி ஆக்குவதற்கு ஆறு வாரங்கள் ஆயின. உடல்நலத்தைக் கருதினால் வெள்ளைத் தாள்தான் சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது செய்தித்தாளைத் தனியே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பேச்சைப் பேருந்தில் ஏறிய பிறகே எழுதுகிறேன். குன்னூர் போய்ச் சேர்வதற்குள் மறந்துபோவது எழுதத் தகாதது என்று விட்டுவிடுகிறேன்.

குறைகளும் இருக்கின்றன. அடுப்புப் புகை பின்பெஞ்சுப் பக்கமாகவே வருகிறது. கிரிக்கெட் நடக்கும் நாட்களில் தொலைக்காட்சிச் சத்தத்தில் ஒரு வாக்கியமும் தேறாது. மே மாதத்தில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்துவிடுகிறார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் அறை வாடகையும் பார்த்து முடித்த இடங்களின் எண்ணிக்கையும்தான். எழுதுகிறவன் என்று தெரிந்தபின் தம் கதையை முழுவதுமாகச் சொல்ல முன்வரும் அன்பர்கள் இன்னொரு தொல்லை. தொடக்கம், நடு, முடிவு, நீதி எல்லாவற்றையும் அவர்களே செய்து முடித்துக் கொடுப்பதால் நமக்குச் செய்ய ஒன்றும் இருப்பதில்லை. மரியாதைக்குக் கேட்டுக்கொள்ளலாம்; அவர் கதை சொல்லும்போது கையிலிருக்கும் பேருந்துச் சீட்டை எத்தனை மடிப்பு மடிக்கிறார் என்பதைக் கவனிக்கலாம்.

ஆளை அடையாளம் தெரியும்படி எழுதிவிட்டால் அதே பெஞ்சில் மறுபடி உட்கார வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எருமையை விற்ற ஒருவரைப் பற்றி, ஊரையும் வயதையும் மாற்றி ஒரு கதை எழுதினேன். யாரோ அதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து என்னருகே வந்து அமர்ந்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சரிங்க, விலையை மட்டும் ஏன் நாலாயிரம் கொறச்சுப் போட்டீங்க?" என்றார். அடுத்த தொகுப்பில் திருத்திவிட்டேன்.

போக விரும்புவோர் பிற்பகல் 3.30 மணியிலிருந்து 5.30 மணிக்குள் போவது நல்லது; கொழுந்து எடை போட்டு முடித்தவர்களும் பள்ளி விட்டு வரும் ஆசிரியர்களும் அப்போதுதான் சேர்கிறார்கள். சில்லறை கொண்டு போங்கள். பின்பெஞ்சின் இடது ஓரத்தில் ஓர் ஆணி மேலே கிளம்பியிருக்கிறது. அங்கே உட்கார்ந்தால்தான் இரண்டு பக்கப் பேச்சும் காதில் விழும் என்பதால் நான் இடம் மாறவில்லை. இதுவரை இரண்டு வேட்டிகள் கிழிந்திருக்கின்றன.