க்ரூ கேப் ட்ரக்ல ரெண்டு பசங்களோட சில வருஷம்: பின் சீட் உண்மையில எப்படி இருக்கு

நாங்க இருக்கிறது ஆஸ்டின்ல, டெக்ஸாஸ். பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு மூணரை. வீட்ல ஃபேமிலி வண்டின்னா ஃபுல் சைஸ் க்ரூ கேப் (நாலு கதவு, பின்னாடியும் முழு சீட் வரிசை) பிக்கப்தான், சின்னவன் பொறக்குறதுக்கு கொஞ்சம் முன்னாடி வாங்குனது. என்ன மேக், என்ன மாடல்னு சொல்லல, ஏன்னா கீழ எழுதப்போற குறைங்கள்ல பாதிக்கு மேல எந்த ட்ரக் எடுத்தாலும் இருக்கும், ஒரு கம்பெனி தலையில மட்டும் கட்டுறது நியாயமில்ல.

நம்ம ஆளுங்க யார் கேட்டாலும் மொத கேள்வி "பின்னாடி இடம் இருக்கா"ன்னுதான். இடமெல்லாம் தாராளமா இருக்குங்க. ஸ்பெக் ஷீட்ல பின் சீட் லெக்ரூம் பாத்தீங்கன்னா எஃப் 150 சூப்பர்க்ரூல 43.6 இன்ச், சில்வராடோ 1500 க்ரூ கேப்ல 43.4, ராம் 1500 க்ரூ கேப்ல 45.2. பெரும்பாலான பெரிய செடான்லகூட இவ்ளோ கிடைக்காது. (டகோமா மாதிரி மிட் சைஸ் ட்ரக் டபுள் கேப் வேற கதை, அதுல 34 இன்ச்கூட வராது, ரெண்டு சின்னப் பசங்க இருந்தா அந்த சைஸ் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.) ஆனா இந்த லெக்ரூம் நம்பரை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, குழந்தைக்கு சௌகரியமா இல்லையாங்கறது அந்த நம்பர்ல தெரியவே தெரியாது.

சின்னவன் ரியர் ஃபேசிங் (பின்பக்கம் பாத்து உக்காற) சீட்ல இருந்த காலம் இந்த வண்டிக்கு பொற்காலம். செடான்ல ரியர் ஃபேசிங் சீட் போட்டா முன்னாடி உக்காறவங்க முட்டி டேஷ்போர்டுல இடிக்கும், இதுல வொய்ஃப் சீட்டை நல்லா பின்னாடி தள்ளி உக்காந்தும் குழந்தை சீட்ல படாது. தரை ஃப்ளாட்டா இருக்கறதால மழை நேரத்துல பக்கீஸ் (ஹைவே பெட்ரோல் பங்க்) பார்க்கிங்ல கதவை சாத்திட்டு ரெண்டு சீட்டுக்கும் முன்னாடி அந்த தரையிலயே உக்காந்து டயப்பர் மாத்திடுவா. எங்க அம்மா ஊர்லேந்து வந்திருந்தப்ப ரெண்டு கார் சீட்டுக்கும் நடுவுல அவங்கதான் உக்காந்தாங்க, பியர்லேண்ட் மீனாட்சி கோயில் வரைக்கும் மூணு மணி நேரம், இடுப்பு இடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல.

மாட்டுறதுதான் கொஞ்சம் வேலை. கார்ல டாப் டெதர் (குழந்தை சீட்டோட மேல் பக்கத்தை வண்டியோட இழுத்து கட்டுற பட்டை) கொக்கிக்கு சீட்டுக்கு பின்னாடியோ பார்சல் ட்ரேலயோ ஒரு இரும்பு வளையம் இருக்கும், க்ளிக்னு மாட்டிட்டு போயிடலாம். ட்ரக்ல சீட்டுக்கு பின்னாடி உடனே கேபின் சுவர், கையே உள்ள போகாது. அதனால நிறைய ட்ரக்ல துணி லூப் ஒண்ணு வச்சிருப்பாங்க, டெதர் ஸ்ட்ராப்பை ஹெட்ரெஸ்ட்டுக்கு கீழ விட்டு, அந்த சீட்டுக்கு நேர் பின்னாடி இருக்குற லூப்புக்குள்ள நுழைச்சு எடுத்து, பக்கத்து சீட் லூப்லயோ ஆங்கர்லயோ கொண்டுபோய் மாட்டணும். வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல படம் இருக்கும், அதை பாக்காம மாட்டாதீங்க. நேரா பின்னாடி இருக்குற லூப்லயே கொக்கிய போட்டுட்டு போறவங்கள நான் பாத்திருக்கேன், அப்படி மாட்டச் சொல்லாத வண்டியில அது ஆபத்து. முன்னால பாத்து உக்காற சீட்டுக்கு டெதர் கண்டிப்பா வேணும், மோதுனா குழந்தையோட தலை முன்னாடி போற தூரத்தை குறைக்கிறதே அதுதான். இன்னொண்ணு, கீழ இருக்குற லாட்ச் ஆங்கருக்கு (குழந்தை சீட்டை மாட்ட வண்டியிலயே இருக்குற கம்பி) பொதுவா குழந்தையும் சீட்டும் சேத்து 65 பவுண்டுதான் கணக்கு, சீட்டே 25 பவுண்டுன்னா குழந்தை 40 பவுண்டு தொட்டதும் லாட்ச்சை விட்டுட்டு சீட் பெல்ட்ல மாட்டணும், டெதர் அப்படியே இருக்கணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். குழந்தை அஞ்சு பாயிண்ட் பெல்ட் போட்ட சீட்ல இருக்குற வரைக்கும் அது உக்காந்திருக்கறது கார் சீட் கம்பெனி செஞ்ச சீட்லதான், சாய்வு, குஷன் எல்லாம் அவங்க குடுக்குறது. வண்டியோட சீட் நல்லா இருக்கா இல்லையான்னு குழந்தைக்கு தெரியவே தெரியாது. பூஸ்டருக்கு (குழந்தையை உயர்த்தி, வண்டியோட பெல்ட்டையே போட வைக்கிற சீட்) மாறுனதுக்கப்புறம்தான் ட்ரக்கோட பின் சீட் எப்படிப்பட்டதுன்னு தெரியும். கேபினுக்கு பின்னாடி நேரா சுவர் நிக்குது, அதுக்கு பின்னாடி பெட் (சாமான் ஏத்துற தொட்டி), அதனால சீட்டோட முதுகும் கிட்டத்தட்ட நேராத்தான் நிக்கும், ஹை பேக் பூஸ்டர் போட்டா அதுவும் அந்த நேர் முதுகை ஒட்டித்தான் நிக்கும். முழிச்சிருக்கும்போது ஒண்ணும் தெரியாது. தூங்குனா தலை முன்னாடி தொங்கும், தாடை நெஞ்சுல வந்து இடிக்கும், கொஞ்ச நேரத்துல உடம்பு ஒருபக்கமா சரிஞ்சு தோள் பெல்ட் கழுத்துக்கு வந்துடும். பெரியவ பூஸ்டருக்கு மாறுன மொத லாங் ட்ரிப்ல கொலம்பஸ் தாண்டுறதுக்குள்ள "அப்பா, கழுத்து வலிக்குதுப்பா"ன்னு எழுந்துட்டா. ரெண்டு பக்கமும் தலைக்கு ஆழமா விங் இருக்குற பூஸ்டரா பாத்து மாத்துனதுக்கப்புறம் சரியுறது குறைஞ்சுது, முன்னாடி தொங்குறது மட்டும் முழுசா போகல. ராம் 1500 க்ரூ கேப்ல சில ட்ரிம்ல பின் சீட் கொஞ்சம் சாயும், பெருசா இல்ல, சில டிகிரிதான், ஆனா பூஸ்டர் வயசு பசங்க இருக்குற வீட்டுக்கு அந்த சில டிகிரிதான் லெதர், சன்ரூஃப் எல்லாத்தையும் விட பெருசுன்னு நான் நினைக்கிறேன். சாய்க்க முடிஞ்சாலும் எவ்ளோ வரைக்கும் சாய்க்கலாம்னு பூஸ்டர் மேனுவலையும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

அடுத்தது கால். பூஸ்டர் மேல உக்காந்தா பாதத்துக்கும் தரைக்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி. இவ்ளோ லெக்ரூம் இருக்கறதால முன் சீட்டும் எட்டாது, கால் அந்தரத்துல தொங்கிட்டே இருக்கும், ஒரு மணி நேரத்துல மரத்துப் போய் குழந்தை சறுக்கி சறுக்கி கீழ வரும், அப்ப மடியில இருக்குற பெல்ட் வயித்துக்கு மேல ஏறிடும், அதுதான் பயமே. நாங்க துணி வச்ச ட்ராவல் பேக்கை அவ காலுக்கு கீழ தரையில அழுத்தமா வச்சிடுவோம். கூலர் பாக்ஸ் மாதிரி கனமான கெட்டியான ஐட்டம் வைக்காதீங்க, மோதுனா அது எங்க பறக்கும்னு சொல்ல முடியாது. பக்கிளும் ஒரு தொல்லை, பூஸ்டர் ஓரத்துல அமுங்கிடும், இப்பவும் அவளா போட முடியல, யாராவது ஒருத்தர் பின்னாடி எட்டி க்ளிக் பண்ணணும்.

ரைடு பத்தி. பெரும்பாலான ட்ரக்ல பின்னாடி லீஃப் ஸ்ப்ரிங்தான், நம்ம ஊர் லாரியில இருக்குற அதே பட்டை. அது பாரத்துக்காக செஞ்சது, பெட் காலியா இருந்தா சின்ன மேடுக்கும் தூக்கி தூக்கி போடும், பின் ஆக்சிலுக்கு பக்கத்துல உக்காந்திருக்குற பசங்களுக்குத்தான் அது அதிகமா தெரியும். ஹூஸ்டன் பக்கம் கான்க்ரீட் ரோட்டுல ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் டக் டக்னு அடிக்கும், பெரியவளுக்கு அதுலதான் வாந்தி வர்ற மாதிரி இருக்கும். தோட்டத்துக்கு மல்ச் மூட்டை ஏத்திட்டு வர்ற அன்னைக்கு அதே வண்டி மெத்துன்னு போகும். டயர் ப்ரெஷர் முக்கியம், கடையில கேக்காமலே ஏத்தி வச்சிடுறாங்க, ஓட்டுனர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல இருக்குற அளவுக்கு இறக்குனதுமே வித்தியாசம் தெரிஞ்சுது. லோட் ஏத்தாத ஃபேமிலிக்கு காயில் ஸ்ப்ரிங், இல்ல ஏர் சஸ்பென்ஷன் இருக்குற வண்டியே மேல்.

வெயில். இங்க கோடையில 100 டிகிரி ஃபாரன்ஹீட்லாம் சாதாரணம். பின் கண்ணாடி பசங்க தலைக்கு ஒரு சாண் தூரத்துலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை ஸ்கூல் முடிச்சு ஹைவே 71ல கிழக்கால கிளம்புனா சாயங்கால வெயில் நேரா ரெண்டு பேரோட பிடரியிலயும் அடிக்கும், சைடு கண்ணாடிக்கு ஷேடு போட்டு அதுக்கு பிரயோஜனமே இல்ல. பின் கண்ணாடிக்கு வெயிலை தடுக்குற செராமிக் ஃபிலிம் ஒட்டுனதுதான் இந்த வண்டிக்கு நான் பண்ண செலவுலயே உருப்படியானது. ஏசி வென்ட் நடுவுல கன்சோல் முனையில இருக்கு, சின்னவன் ரியர் ஃபேசிங்ல இருந்தப்ப அவன் சீட்டோட முதுகே காத்தை மறைச்சிடும், உள்ள கைய விட்டு பாத்தா முதுகெல்லாம் ஈரமா இருக்கும்.

ஏறி இறங்குறதுக்கு ரன்னிங் போர்டு போட்டே ஆகணும், பெரியவ கைப்பிடிய புடிச்சு அவளே ஏறிடுவா, தூங்குற சின்னவன தோள்ல போட்டு இறக்குறதுக்குள்ள மட்டும் நம்ம முதுகு கழண்டுடும். வீட்டு ட்ரைவ்வேல வண்டி எடுக்கும்போது பசங்க எங்க இருக்காங்கன்னு கண்ணால பாத்துட்டு எடுங்க. பானெட் இருக்குற உயரத்துக்கு, அதுக்கு முன்னாடி நிக்கிற மூணு வயசு குழந்தை டிரைவர் சீட்லேந்து தெரியவே தெரியாது.

டெக்ஸாஸ் சட்டப்படி எட்டு வயசு ஆகுற வரைக்கும், இல்ல 4 அடி 9 இன்ச் உயரத்தை தாண்டுற வரைக்கும் குழந்தை சீட் கட்டாயம். எங்க பெரியவ இருக்குற உயரத்துக்கு எட்டு முடிஞ்சும் கொஞ்ச வருஷம் பூஸ்டர்லதான் உக்கார வைக்கப்போறோம், சின்னவனும் பின்னாடியே அதுக்கு வந்துடுவான். அதனால அடுத்த வண்டி பாக்கப் போறப்ப ரெண்டு பேரையும் பூஸ்டரோட ஷோரூமுக்கு கூட்டிட்டு போய், சாப்பிட்டு தூக்கம் வர்ற நேரமா பாத்து டெஸ்ட் ட்ரைவ் கேக்குறதா இருக்கேன்.