வயர்கார்டுடன் நாலு வருடம்: வாயே திறக்காத வாட்ச்மேன்

கரூரில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கும் நண்பன் போன வாரம் கேட்டான். "மாப்ள, வெளிய இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர உங்க கம்பெனில வயர்கார்டுதானே போட்டிருக்கீங்க? எப்படி இருக்கு? எங்க முதலாளி வீட்டுல இருந்தே டாலி பார்க்கணும்ங்கிறார்."

"சூப்பரா இருக்குடா" என்று அடித்தேன், அனுப்பாமல் அழித்தேன். "வேண்டாம்டா" என்று அடித்தேன், அதையும் அழித்தேன். பதில் நீளமாகப் போகும் என்று தெரிந்ததால் இங்கே எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு: வயர்கார்டு என்பது வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் ஒரு பாதுகாப்பான சுரங்கப்பாதை (டனல்) போடும் விபிஎன் மென்பொருள், டாலி என்பது கணக்கு மென்பொருள்.

எங்களுடையது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. தையல் ஆட்கள் கணக்கு தனி, ஆபீஸில் கம்ப்யூட்டர் தொடுபவர்கள் நாற்பது சொச்சம் பேர். 2021 ஜூன், இரண்டாவது அலை ஊரடங்கின்போது போட்டது. அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வாசலைத் திறந்துவிட்டு, டாலி சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை அப்படியே உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 4625, 4625, 4625. லாகின் தோல்வி என்பதற்கான எண் அது. உருட்டினால் முடிவே இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர்1, டெஸ்ட், நடுவில் "டாலி" என்ற பெயரிலும் ஒருத்தன் தட்டியிருக்கிறான். எங்கிருந்தோ ஒருத்தன் நம் ஊர்க் கணக்குப்பிள்ளை மனசைப் படித்து வைத்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் பயம் வந்தது.

போட்டது எளிது, இதை மறுக்க முடியாது. ஆபீஸில் சும்மா கிடந்த ஒரு சின்ன பிசியில் உபுண்டு, ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) ஏற்கெனவே இருந்தது, ரவுட்டரில் ஒரே ஒரு யுடிபி போர்ட். ஆளுக்கு ஒரு சாவி ஜோடி (நீளமான எழுத்துக் கோவை), ஆளுக்கு ஒரு ஐபி. கான்ஃபிக் ஃபைல் பத்து வரி. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) இது சேர்ந்துவிட்டதால் தனியாக எதையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்தேன், டீ ஆறுவதற்குள் என் லேப்டாப் உள்ளே போய்விட்டது.

ஒன்றை மட்டும் அப்போதே சரியாகச் செய்தேன், இல்லையென்றால் இன்று அழுதிருப்பேன். எந்த முகவரிகளுக்கான டிராஃபிக் டனலுக்குள் போகும் என்று சொல்லும், கிளையன்ட் பக்கம் இருக்கும் ‘அலவுடு ஐபிஸ்’ வரியைப் பூட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்த ஆளின் லேப்டாப்பில் இருக்கிற வரி, அவர் நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம். நிஜப் பூட்டு சர்வரின் ஃபயர்வாலில்தான் இருக்க வேண்டும். கணக்குப் பிரிவு ஐபிகள் டாலி சர்வரின் 3389க்கு மட்டும், மெர்ச்சண்டைசர்கள் (பையர் ஆர்டர்களைக் கவனிப்பவர்கள்) ஃபைல் சர்வரின் 445க்கு மட்டும், மற்றதெல்லாம் டிராப். வேலையை விட்டு ஒருத்தர் போனால் அவருடைய சாவியை எடுத்துவிட்டால் முடிந்தது. மற்றவர்களின் கனெக்‌ஷன் அறுபடாமல் அதைச் செய்ய முடிகிறது.

சந்தோஷப்பட்ட விஷயம் ஒன்று உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்ட ஆரம்பித்தால் மறந்துவிடுவேன். எங்கள் மெர்ச்சண்டைசர் ஒருவர் கோவை எக்ஸ்பிரஸில் சென்னை போய்க்கொண்டே பையருக்கான காஸ்டிங் ஷீட்டைத் திருத்துவார். ஈரோடு தாண்டினால் சிக்னல் போகும், வரும், டவர் மாறும், ஐபி மாறும். திரை இரண்டு நொடி உறையும், அப்புறம் விட்ட இடத்திலிருந்து ஓடும். மறுபடி கனெக்ட் பண்ணு, பாஸ்வேர்டு போடு என்று எதுவும் கேட்காது. எந்த முகவரியிலிருந்து வருகிறாய் என்பதை இது பார்ப்பதே இல்லை, சாவி சரியா என்று மட்டும்தான் பார்க்கிறது. வந்த புது முகவரிக்கே பதிலை அனுப்பிவிடுகிறது. நாலு வருடத்தில் அவர் எனக்கு வி‌பிஎன் விஷயமாகப் போன் செய்ததே இல்லை.

சரி, இப்போது புகார்.

இது பேசாது. தெரியாதவன் வந்து கதவைத் தட்டினால் "யார்" என்றுகூடக் கேட்காது, அந்த பாக்கெட்டை அப்படியே கீழே போட்டுவிடும். வெளியிலிருந்து போர்ட் ஸ்கேன் செய்கிறவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. முன்பு 3389இல் தட்டிக்கொண்டிருந்த கூட்டம் அந்தப் போர்ட்டை மூடியதும் ஒரே இரவில் காணாமல் போனது, புது வாசல் யார் கண்ணிலும் படவில்லை, நன்றி. ஆனால் தெரியாதவனிடம் காட்டும் அதே முகத்தைத்தான் என்னிடமும் காட்டுகிறது. சாவியில் ஒரு எழுத்து தப்பு, மௌனம். ரவுட்டரில் போர்ட் திறக்கவில்லை, மௌனம். ஆளின் சாவியையே நான் எடுத்துவிட்டேன், அதற்கும் மௌனம். மூன்று வியாதிக்கும் ஒரே அறிகுறி என்றால் வைத்தியம் எப்படிப் பார்ப்பது?

இதில் விண்டோஸ் ஆப் வேறு. பட்டனை அழுத்தினால் பச்சையாக ‘ஆக்டிவ்’ என்று வந்துவிடும். அந்தப் பச்சைக்கு அர்த்தம், உன் கம்ப்யூட்டரில் வயர்கார்டின் நெட்வொர்க் கார்டு எழுந்து நிற்கிறது என்பது மட்டும்தான். எதிர்ப்பக்கம் ஆபீஸ் இருக்கிறதா, எரிந்துபோனதா என்பதைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். "தம்பி, பச்சையாத்தானுங்க இருக்குது, டாலிதான் வரமாட்டீங்குது" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். உண்மையைச் சொல்வது கீழே இருக்கும் இரண்டு வரிகள். ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ (இரு பக்கமும் கடைசியாகக் கைகுலுக்கிய நேரம்) என்ற வரியே இல்லையென்றால் பேச்சு தொடங்கவில்லை என்று அர்த்தம். ‘டிரான்ஸ்ஃபர்’ வரியில் வந்தது 0, போனது 148 பைட். ஐந்து நொடி கழித்து 296. அப்புறம் 444. ஒவ்வொரு 148உம் இது ஒரு முறை "ஐயா" என்று கூப்பிட்டதற்கான கணக்கு, பதில் வரவில்லை. இதை அக்காவுக்குப் புரியவைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

அதே அக்கா வீட்டில் இன்னொரு கூத்து. ஆபீஸ் நெட்வொர்க் ரவுட்டர் வந்தபடியே 192.168.1 வரிசையில் இருந்தது. அவர் வீட்டிலும் அதே வரிசை, உலகத்தில் பாதி வீட்டில் அதுதான். டாலி சர்வர் 192.168.1.10. பிங் போட்டால் ("இருக்கிறாயா" என்று கேட்டால்) பதில் வருகிறது, டாலி மட்டும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, பதில் சொன்னது அவர் வீட்டு சிசிடிவி டிவிஆர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆபீஸை 10 வரிசைக்கு மாற்றினேன், பிரிண்டர், பயோமெட்ரிக் மெஷின் எல்லாம் சேர்த்து. புதிதாகப் போடுகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கோடவுன் கதை.

2022 கடைசியில் எங்கள் நூல் கோடவுனையும் ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கச் சொன்னார் முதலாளி. அங்கே இருக்கும் பிராட்பேண்டில் பொது ஐபி கிடையாது, அதனால் கோடவுன் பக்கத்திலிருந்துதான் ஆபீஸைக் கூப்பிட வேண்டும். ஒரு ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர்) வைத்தேன். கோடவுன் பையன்கள் யூடியூப் பார்க்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு, ஆபீஸ் ஃபில்டர் வழியாகவே எல்லாம் போகட்டும் என்று மொத்த டிராஃபிக்கையும் டனலுக்குள் திருப்பிவிட்டேன்.

நன்றாக ஓடியது. கரண்ட் போகும்வரை. கரண்ட் போய் வந்தால் டனல் உடனே வராது. சில நாள் பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். அப்புறம் யாரும் தொடாமலேயே தானாக வந்துவிடும். தானாகச் சரியாகும் கோளாறைப் போல மோசமானது ஒன்றுமில்லை, நான் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். பிராட்பேண்டுக்காரரிடம் சண்டை போட்டேன். ஒயர் மாற்றினேன், அடாப்டர் மாற்றினேன், யுபிஎஸ் வாங்கினேன், அந்த யுபிஎஸ் பேட்டரியும் செத்தது. வயர்கார்டின் நிலையைக் காட்டும் ‘டபிள்யூஜி ஷோ’ கட்டளையைக் கொடுத்தால் வந்தது சைபர், போனது 148இன் மடங்கு. பச்சை மௌனம்.

கடைசியில் ஒருநாள், முன்கூட்டியே கரண்ட் நிறுத்தம் அறிவித்திருந்த நாளாகப் பார்த்து, மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு கோடவுனிலேயே உட்கார்ந்தேன். கரண்ட் வந்தது, பை எழுந்தது, டனல் வரவில்லை. சும்மா ‘டேட்’ என்று அடித்தேன். என் போனில் மணி 2.10. பை சொன்ன நேரம் காலை 9.21.

நாலரை மணி நேரம் கரண்ட் இல்லை, சரி. ஆனால் கரண்ட் போனதே 9.40க்கு. பை 4இல் கடிகாரச் சில்லு கிடையாது. அவ்வப்போது நேரத்தை மெமரி கார்டில் எழுதிவைத்துக்கொள்ளும், எழுந்ததும் கடைசியாக எழுதியதைத்தான் இப்போதைய நேரம் என்று நம்பும். வயர்கார்டோ ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேரத்தைச் சேர்த்து அனுப்புகிறது. எதிர்ப்பக்கம் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய நேரத்தோடு வருவதை எல்லாம் நிராகரிக்கிறது. பழைய பாக்கெட்டைப் பிடித்து வைத்திருந்து மறுபடி வீசுகிற திருடனைத் தடுக்க அந்த ஏற்பாடு. ஆபீஸ் சர்வர் கோடவுனிடமிருந்து கடைசியாகக் கேட்டது சுமார் 9.39 என்ற நேரம். இப்போது 9.21 என்று ஒருத்தன் வந்து நிற்கிறான். திருடன் என்று முடிவு கட்டிவிட்டது.

பை இன்டர்நெட்டில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாமே என்றால், மொத்த டிராஃபிக்கையும் டனலுக்குள் திருப்பிய புண்ணியவான் நான்தானே. நேரம் சரியாக வேண்டுமானால் டனல் வேண்டும், டனல் வர வேண்டுமானால் நேரம் சரியாக வேண்டும். பையின் தப்புக் கடிகாரம் நகர்ந்து நகர்ந்து 9.39ஐத் தாண்டும்வரை இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 9.39 தாண்டியதும் ஹேண்ட்ஷேக் விழுந்தது, அடுத்த நிமிடம் பையின் மணி தாவி இரண்டரையைக் காட்டியது. நூல் மூட்டை மேல் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முந்நூறு ரூபாய்க்குள் ஒரு டிஎஸ்3231 கடிகார மாட்யூல், அதில் ஒரு காசு பேட்டரி. கூடவே டைம் சர்வருக்கு மட்டும் டனலுக்கு வெளியே தனி வழி. அதோடு தீர்ந்தது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவில், அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல் டைம் சர்வரோடு, இல்லையென்றால் அவற்றைப் பின்பற்றும் சர்வரோடு நிறுவனங்கள் நேரத்தைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதைப் படித்தபோது "நமக்கெதுக்கு" என்று நினைத்தவன் நான்.

நியாயமாகப் பார்த்தால் இதில் வயர்கார்டின் தப்பு என்று எதுவுமில்லை. அது சொன்னபடிதான் நடந்துகொண்டது. கடிகாரம் இல்லாத பெட்டியை வாசலில் வைத்ததும் நான், வழியை அடைத்ததும் நான். ஆபீஸ் சர்வரின் கெர்னலில் டீபக் (நடப்பதை விவரமாக எழுதிவைக்கும்) சுவிட்சைப் போட்டிருந்தால் "செல்லாத ஹேண்ட்ஷேக்" என்று ஒரு வரியாவது வந்திருக்கும், ஏன் செல்லாது என்பதைச் சொல்லாவிட்டாலும். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் ஓப்பன்விபிஎன் என்ற இன்னொரு விபிஎன் வைத்திருந்தேன். எல்லோருக்கும் ஒரே நாளில் சான்றிதழ் போட்டதால் கெடு முடிந்த 825ஆம் நாள் எல்லோரும் ஒரே காலையில் வெளியே நின்றார்கள். அதுவும் என் தப்புதான். ஆனால் அது லாகில் "சான்றிதழ் காலாவதி" என்று பச்சையாகத் திட்டியது. பத்தே நிமிடத்தில் காரணம் தெரிந்தது. இங்கே எனக்கு ஏழு மாதம்.

அதனால் கரூர் நண்பனுக்கு என் பதில், வேண்டாம். உங்களிடம் ஆட்கள் வருவதும் போவதும் அதிகம். பையர் ஆடிட்டில் ஓடிபி எங்கே என்று கேட்பார்கள், வயர்கார்டில் யூசர்நேம், பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் கிடையாது, சாவி மட்டும்தான். ஒருத்தர் அந்த ஃபைலை வீட்டு லேப்டாப்பிலும் போட்டுக்கொண்டால், ஒரே சாவியோடு இரண்டு மெஷினும் மாறி மாறி ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டிருக்கும், அதையும் இது சொல்லாது. இதையே அடியில் வைத்து மேலே லாகின் கட்டிய டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றைப் பார். இல்லையென்றால் போன் செய்தால் எடுக்கிற ஆள் உள்ள ஒரு ஃபயர்வால் பெட்டியை வாங்கு. என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை.

"அப்போ நீ எப்ப மாத்தற?" என்று கேட்பான். நான் மாற்றவில்லை. போன மாதம் புது சர்வர் பிசி வந்தபோது அதிலும் இதையேதான் போட்டேன், கை தானாகப் போய்விட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட். ‘ஆக்டிவ்’ பச்சையை விட்டுவிட்டு, கீழே வந்தது 0 என்ற இடத்தில் அவரே சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். "தம்பி, சைபருங்க. வீட்ல ரவுட்டர் மாத்தினாங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமுங்களா?"