கேன் திரும்பினால் யாருடைய இடத்தில்?

லண்டன் கால்பந்து அணியான டோட்டன்ஹாமின் ஆட்டம் இருக்கும் இரவுகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் கூடுவோம். அந்த அணிக்காகக் கோல்களைக் குவித்துவிட்டுப் போன ஹாரி கேன் பழைய கிளப்புக்கே திரும்ப வேண்டுமா என்று ஒருநாள் கை தூக்கச் சொன்னபோது மூன்று கைகள் உயர்ந்தன. உயராத கை என்னுடையது. முதுகில் 10ஆம் எண்ணும் அவர் பெயரும் போட்ட சட்டை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. துவைத்துத் துவைத்து சுழியத்தின் ஓரம் உரிந்துவிட்டது. தூக்கிப் போட மனம் வரவில்லை. அப்படிப்பட்ட நானே வேண்டாம் என்றதும் என் மைத்துனர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டார். அன்று அவரிடம் முன்பின்னாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எங்கள் முன் இருந்தவை இரண்டு வழிகள். கேனை அழைத்து வருவது ஒன்று. அந்தப் பணத்தையும் அந்த இடத்தையும் இருபது, இருபத்திரண்டு வயது ஸ்டிரைக்கர் (முன்களத்தில் நின்று கோல் அடிப்பவர்) ஒருவருக்குக் கொடுப்பது மற்றொன்று.

கேனின் தகுதியை நிரூபிக்க நேரம் செலவிட வேண்டாம். டோட்டன்ஹாமுக்காக 280 கோல். ஜிம்மி கிரீவ்ஸின் 266ஐத் தாண்டியவர். 2023 ஆகஸ்டில் பயெர்ன் மியூனிக் போய், முதல் சீசனிலேயே ஜெர்மன் லீகில் 36 கோல் அடித்தார். 2025இல் லீக் பட்டமும் கிடைத்தது. வயது ஏறினாலும் ஆட்டம் இறங்கவில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 213 கோலோடு போனவர், ஆலன் ஷியரரின் 260ஐ முறியடிக்கவாவது வர வேண்டும் என்கிறார்கள். முறியடித்தால் நானும் கை தட்டுவேன். ஆனால் அது அவருடைய கணக்கு, கிளப்பின் கணக்கு அல்ல.

போனவர் திரும்புவது டோட்டன்ஹாமுக்குப் புதிதும் அல்ல. யூர்கன் கிளின்ஸ்மன் 1995இல் கிளம்பிப் போனபோது, அவருடைய சட்டையால் என் காரைக்கூடக் கழுவ மாட்டேன் என்று தலைவர் ஆலன் சுகர் தொலைக்காட்சியிலேயே பொரிந்தார். 1997 டிசம்பரில் அதே கிளின்ஸ்மனை சாம்ப்டோரியாவிலிருந்து லோனில், அதாவது தற்காலிக இரவலாக, வரவழைத்தார்கள். அந்த சீசனின் முடிவில் விம்பிள்டனுக்கு எதிராக நான்கு கோல் அடித்து, கீழ் லீகுக்குத் தரம் இறங்கும் ஆபத்திலிருந்து அணியைக் கரையேற்றினார். இதை நான் பழைய ஒளிப்பதிவில்தான் பார்த்தேன். அந்தக் காலத்துப் பதற்றம் எனக்குத் தெரியாது. டெடி ஷெரிங்காம் மான்செஸ்டர் யுனைடெட்டில் மூன்று பெரிய கோப்பைகளையும் ஒரே சீசனில் தூக்கிவிட்டு, 2001இல் 35 வயதில் திரும்பினார். ஜெர்மைன் டிஃபோ 2009 ஜனவரியில் வந்து, அதே ஆண்டு நவம்பரில் விகனுக்கு எதிராக ஐந்து கோல் போட்டார். அந்த ஆட்டம் 9-1. டிஃபோ வந்த அடுத்த மாதமே ராபி கீனும் லிவர்பூலிலிருந்து வந்து சேர்ந்தார். ஓராண்டுக்குள் செல்டிக்குக்கு லோனில் போய்விட்டார்.

இதில் பாதி என் மைத்துனர் பக்கம்தான் பேசுகிறது. ஒப்புக்கொள்கிறேன். கூர்ந்து பார்த்தால், கிளின்ஸ்மன் வந்தது அரை சீசனுக்கு. டிஃபோ வந்தபோது வயது 26. முப்பதைக் கடந்த ஒருவரைப் பெரும் தொகை கொடுத்துப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்த கதை அந்தப் பட்டியலில் இல்லை. லண்டனிலேயே செல்சி 2021இல் தன் பழைய ஸ்டிரைக்கர் லுகாகுவைச் சுமார் 9.75 கோடி பவுண்டுக்குத் திரும்ப வாங்கியது. அப்போது அவருக்கு 28 வயதுதான். அந்த சீசனில் லீகில் எட்டு கோல். அடுத்த கோடையிலேயே பழையபடி இன்டர் மிலானுக்கு லோனில் அனுப்பினார்கள்.

கேன் லுகாகு அல்ல என்பது சரி. அவர் ஆட்டமே வேறு. நடுக்களம் வரை இறங்கிப் பந்தை வாங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் ஓடுபவருக்கு அனுப்புவார். ஓடியவர் சன் ஹியுங்-மின். பிரீமியர் லீகில் இருவரும் சேர்ந்து உண்டாக்கிய கோல்கள் 47. 2020 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் சன் அடித்த நான்கும் கேன் கொடுத்த பந்துகள். அந்த சன் 2025இல் லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். திரும்பி வருபவர் கேன் மட்டும்தான். நாம் ஏங்குவதோ அந்த இருவருக்காக.

ஆனால் என் கையைத் தூக்கவிடாமல் பிடித்தது இதுவும் அல்ல, பணமும் அல்ல. இடம்.

2014 இலையுதிர் காலத்துக்குப் போவோம். டோட்டன்ஹாமின் முன்களத்தில் அடபயோரும், 2.6 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய சொல்டாடோவும் இருந்தார்கள். கேன் என்ற பையன் லெய்டன் ஓரியன்ட், மில்வால், நாரிச், லெஸ்டர் என்று நான்கு கிளப்புகளுக்கு லோனில் சுற்றிவிட்டு வந்தவன். ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகின் வியாழக்கிழமை ஆட்டங்களில்தான் இடம் கிடைக்கும். அக்டோபரில் கிரேக்க அணி ஒன்றுக்கு எதிராக மூன்று கோல் அடித்தான். கடைசியில் கோல்கீப்பர் லோரிஸ் சிவப்பு அட்டை வாங்கிவிட, கையுறையை மாட்டிக்கொண்டு கோல்கீப்பராகவும் நின்றான். வந்த ஃப்ரீ கிக்கைக் கையிலிருந்து நழுவவிட்டு ஒரு கோலும் வாங்கினான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. நவம்பர் 2 அன்று ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, 90ஆம் நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக்கை உதைத்தான். பந்து எதிரணிக்காரர் மேல் பட்டுத் திசைமாறி வலைக்குள் போனது. அதன் பிறகு அவனை உட்கார வைக்க முடியவில்லை. புத்தாண்டு தினத்தில் செல்சிக்கு எதிராக 5-3 வெற்றி. அதில் அவனுடையவை இரண்டு.

2014இன் தொடக்கத்தில்தான் டிஃபோ டொரன்டோவுக்குப் போயிருந்தார். 2015 ஜனவரியில் இங்கிலாந்துக்குத் திரும்பி, சண்டர்லாந்தில் சேர்ந்தார். நம்மவர், கோல் அடிப்பார், ரசிகர்களுக்குப் பிடிக்கும் என்று அந்த இலையுதிர் காலத்திலேயே அவரை மூன்றாம் முறையாக அழைத்திருந்தால்? வில்லா ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கப் போவது யார்?

நான் மைத்துனரிடம் கேட்டதும் இதைத்தான். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

அடுத்ததாக டிராய் பாரட். அயர்லாந்துக்காரர், டோட்டன்ஹாம் அகாடமியில் வளர்ந்தவர், கேனுக்குப் பிறகு இவர்தான் என்று சொல்லப்பட்டவர். லீகில் விரல்விட்டு எண்ணும் அளவு நிமிடங்கள்தான் கிடைத்தன. லோன், லோன் என்று ஊர் ஊராகப் போய், 2024இல் நெதர்லாந்தின் ஏஇசட் அல்க்மாருக்கு விற்கப்பட்டார். 2025 நவம்பரில் அயர்லாந்து அணிக்காகப் போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டு, மூன்று நாள் கழித்து புடாபெஸ்டில் ஹங்கேரிக்கு எதிராக மூன்று கோல். மூன்றாவது வந்தது ஆட்டத்தின் கடைசி மூச்சில். கேன் இருந்ததால்தான் பாரட் வளரவில்லை என்று நான் சாதிக்க மாட்டேன். காயங்களும் இருந்தன, பயிற்சி மைதானத்தில் நடப்பதை நாம் பார்ப்பதில்லை. ஆனால் கேன் ஓய்வெடுக்க விரும்பாத ஆள் என்பது ஊரறிந்த விஷயம். பின்னால் நின்றவருக்கு நிழல்தான் மிஞ்சியது.

இரண்டாவது வழி மட்டும் சுலபமா என்றால், இல்லை. சொல்டாடோ முதல் சீசனில் லீகில் ஆறு கோல், அடுத்ததில் ஒன்று. வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாமல் ஸ்பெயினுக்குத் திரும்பினார். 2016இல் வந்த யான்சென் முதல் சீசனில் லீகில் இரண்டு. ரிச்சார்லிசன் 2022-23இல் லீகில் ஒன்றே ஒன்று. வெளியில் வாங்குவதில் டோட்டன்ஹாமின் கை ராசி இவ்வளவுதான். இளைஞர் என்பதற்காக எவரையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. மறுவிற்பனை மதிப்பு என்று காகிதத்தில் எழுதும் தொகை, பையன் பெஞ்சில் உட்கார்ந்தால் மாதா மாதம் கரைந்துவிடும். அது நிலைக்க ஆட்ட நிமிடங்கள் வேண்டும். கேனுக்கு அந்த நிமிடங்களைக் கொடுத்தால் கோல் கிடைக்கும், ஆனால் விற்க எதுவும் இருக்காது. 2027 கோடையில் அவருக்கு 34 வயது முடிகிறது. அகாடமிப் பையனாக, வாங்கும் விலையே இல்லாமல் வந்த அதே கேன்தான் போகும்போது சுமார் 10 கோடி யூரோ கொண்டுவந்தார்.

அணி எந்த இளைஞரை நம்ப வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பெயர் இல்லை. 2014 அக்டோபரிலும் என்னிடம் பெயர் இல்லை. கையுறை மாட்டிய பையனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மைத்துனர் கேட்டார்: “கிளின்ஸ்மன் மாதிரி, தரம் இறங்கும் நிலை வந்து, ஆறு மாதத்துக்கு மட்டும் என்றால்?”

“அப்போது இரண்டு கையையும் தூக்குகிறேன், மாப்பிள்ளை” என்றேன்.