நேரே பிஎச்.டி.யா, முதலில் பிரீடாக்கா?

அமெரிக்காவில் பொருளாதார ஆய்வுக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் சகஜம். பிரீடாக் என்றால் பிஎச்.டி.க்கு முன் பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராக வேலை பார்ப்பது.

செலவு: பிஎச்.டி.க்குப் பல்கலைக்குப் பல்கலை தனி விண்ணப்பக் கட்டணம். பத்து இடம் என்றால் கையைக் கடிக்கும். பிரீடாக் சம்பள வேலை, விண்ணப்பிக்கப் பெரும்பாலும் காசில்லை.

காலம்: பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு. பிரீடாக் அதற்கு முன் ஓரிரண்டு.

தேர்வு: பிஎச்.டி.க்குக் கணித மதிப்பெண், பல இடங்களில் ஜிஆர்இ நுழைவுத் தேர்வு. பிரீடாக்குக்கு ஒரு தரவுக் கோப்பு வரும். ஒரே மாவட்டம் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஸ்டாட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருளில் சரிசெய்து வரைபடம் போட வேண்டும்.

என்னைக் கேட்டால், பரிந்துரைக் கடிதம்தான் கனமான விஷயம். ‘வகுப்பில் முதல் மாணவர்’ என்பதைவிட, கூடவே வைத்து வேலை வாங்கிய பேராசிரியர் எழுதுவது எடுபடும்.

கணிதமும் அப்படியொரு கடிதமும் கையில் இருந்தால் டிசம்பரிலேயே பிஎச்.டி.க்குப் போடுங்கள். கடிதம் சுமார்தானா, ஆய்வு ஒத்துவருமா என்றே தெரியவில்லையா? பிரீடாக்.