ஃபோர்மேனா, ஷேவர்ஸா? யாருடைய குத்து கனம்?

ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வரலாற்றிலேயே பலமான குத்து யாருடையது என்று கேட்டால், பெரும்பாலானோர் யோசிக்காமல் மைக் டைசன் என்பார்கள். பழைய சண்டைகளைத் தேடிப் பார்த்தவர்கள் ஜார்ஜ் ஃபோர்மேன் என்பார்கள். இப்போதைய ரசிகர்களில் ஒரு பெரிய கூட்டம் டியோன்டே வைல்டர் பக்கம் நிற்கும். இந்த மூவரையும் விட்டுவிட்டு, உலகப் பட்டத்தை ஒருமுறைகூட ஜெயிக்காத எர்னி ஷேவர்ஸின் பெயரைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி. ஆனால் ஃபோர்மேனைத் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும், அது அத்தனை சுலபம் இல்லை.

முதலில், இதை எதை வைத்துத் தீர்மானிப்பது? 1985-இல் இங்கிலாந்தில் அந்நாட்டு ஹெவிவெயிட் வீரர் ஃப்ராங்க் புரூனோவின் குத்தை ஆராய்ச்சியாளர்கள் கருவி வைத்து அளந்தார்கள். கை நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் வந்தது. விழுந்த விசை 4,096 நியூட்டன், அதாவது 400 கிலோவுக்கும் மேலான எடை அழுத்துகிற மாதிரி. அசையாமல் நிற்கும் ஒரு பொருளின் மேல் விழுந்த குத்து அது. ரிங்குக்குள் எதிராளி தலையைத் திருப்புவான், முன்னால் வந்து மோதுவான், பின்னால் சாய்ந்து பாதி வேகத்தை வீணாக்குவான். ஃபோர்மேன் மோதிய கிங்ஸ்டனிலும் கின்ஷாசாவிலும் விழுந்த குத்துகளுக்கு எந்தக் கருவியின் கணக்கும் கிடையாது.

நாக் அவுட் எண்ணிக்கையும் முழுதாக உதவாது. ஃபோர்மேன் ஜெயித்த 76 சண்டைகளில் 68 நாக் அவுட். ஷேவர்ஸின் கணக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 1950-களின் சாம்பியன் ராக்கி மார்சியானோ 49-க்கு 43. வைல்டர் முதல் 43 வெற்றிகளில் 42. யாரை அடித்தார்கள், அந்த ஆள் எந்த வயதில் இருந்தார் என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. கென் நார்ட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் ஃபோர்மேன் அவரை இரண்டாம் ரவுண்டில் முடித்தார். 1979-இல் ஷேவர்ஸ் முதல் ரவுண்டிலேயே முடித்தார். 1981-இல் ஜெரி கூனிக்கு 54 நொடி போதுமானதாக இருந்தது. இதை வைத்து மூவரில் கூனிதான் பலசாலி என்று சொல்லிவிட முடியுமா? ஃபோர்மேனிடம் விழுந்தபோது நார்ட்டனுக்கு 30 வயது, கூனியிடம் விழுந்தபோது 37. அடி தாங்கும் தாடை அதற்குள் தேய்ந்துவிட்டது.

அதனால் நான் நம்புவது சாட்சிகளைத்தான். இரண்டு பேரிடமும் அடி வாங்கிய மனிதன் யாரைச் சொல்கிறான் என்று பார்க்க வேண்டும்.

ஃபோர்மேனிலிருந்து ஆரம்பிப்போம். 1973 ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன். எதிரே ஜோ ஃப்ரேசியர், அதுவரை தோல்வியே காணாத சாம்பியன், இரண்டு வருடம் முன்பு முகமது அலியைக் கீழே சாய்த்த ஆள். ஃபோர்மேன் இரண்டு ரவுண்டுக்குள் அவரை ஆறு முறை தரையில் உட்கார வைத்தார். வீடியோவைப் பார்க்கும்போது கைகளை விட்டுவிட்டு ஃப்ரேசியரின் கால்களைக் கவனியுங்கள். கடைசியில் விழும் குத்து அவரைத் தரையிலிருந்து தூக்கி வைக்கிறது. ஏறத்தாழ 97 கிலோ எடையுள்ள மனிதர் அவர். இன்னொன்றையும் கவனிக்கலாம். ஃபோர்மேன் இரண்டு கைகளையும் நீட்டி ஃப்ரேசியரின் தோள்களைத் தள்ளித் தள்ளி, தனக்கு வேண்டிய தூரத்தில் நிறுத்திக்கொள்கிறார். அப்புறம்தான் கையை வீசுகிறார். அவருடைய குத்துகளில் பல வேகமானவை அல்ல, வருவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. கையை வைத்துத் தடுத்தால் தடுத்த கையும் சேர்ந்து தலையில் மோதும்.

ஃபோர்மேனுக்கு எதிராக எல்லோரும் எடுப்பது ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் நடந்த சண்டையை. 1974 அக்டோபர் 30 அன்று அலி கயிற்றில் சாய்ந்து நின்று ஏழு ரவுண்டு அடி வாங்கிவிட்டு எட்டாவதில் அவரைச் சாய்த்தார். அது உண்மை. ஆனால் அந்த அடிகளில் பெரும்பகுதி அலியின் கைகளிலும் விலாவிலும் விழுந்தவை. அலி தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தார். ஃபோர்மேனின் குத்து பலவீனமானது என்பதற்கு இது சாட்சி ஆகாது. அதை நேராக வாங்கிக்கொள்ள அலிக்கே துணிச்சல் இல்லை என்பதற்குத்தான் சாட்சி.

ஃபோர்மேனின் பக்கம் இன்னும் கனமான சாட்சி இருபது வருடம் கழித்து வந்தது. 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். ஃபோர்மேனுக்கு 45 வயது. எதிரே 26 வயது மைக்கேல் மூரர், தோல்வியே இல்லாத சாம்பியன். ஒன்பது ரவுண்டு முடிந்தபோது மூன்று நீதிபதிகளின் புள்ளி அட்டையிலும் ஃபோர்மேன் பின்தங்கியிருந்தார். பத்தாவது ரவுண்டில் நேராக ஒரு வலது கை வந்தது. வீசியடித்த குத்துகூட இல்லை, ஒரு முழத்துக்குள் போய் முடிந்துவிட்ட குத்து. மூரர் மல்லாந்து விழுந்தார், எழவில்லை. காலின் வேகமும் கையின் வேகமும் போன பிறகும் அந்த ஆளிடம் இது மட்டும் மிச்சம் இருந்தது. 45 வயதில் இப்படி ஒரு குத்தைப் போட்டவர் வேறு யார்?

சரி, இவ்வளவையும் பார்த்துவிட்டும் ஏன் ஷேவர்ஸ்?

ரான் லைல் என்றொரு ஆள் இருந்தார். சிறையில் குத்துச்சண்டை பழகி, வெளியே வந்து ஹெவிவெயிட் வரிசையில் மேலே ஏறியவர். 1975 செப்டம்பரில் டென்வரில் ஷேவர்ஸோடு மோதினார். இரண்டாம் ரவுண்டில் ஷேவர்ஸ் அவரைத் தரையில் கிடத்தினார். லைல் எழுந்து வந்து ஆறாவது ரவுண்டில் ஷேவர்ஸை நாக் அவுட் செய்தார். நான்கே மாதம் கழித்து, 1976 ஜனவரி 24-இல், அதே லைல் ஃபோர்மேனோடு மோதினார். நான்காவது ரவுண்டில் மட்டும் ஃபோர்மேன் இரண்டு முறை விழுந்தார், லைல் ஒரு முறை. ஐந்தாவதில் லைல் முடிந்துபோனார். ஆக, நான்கு மாத இடைவெளியில், தன் நல்ல வயதில், இரண்டு பேருடைய முழுப் பலத்தையும் வாங்கிய உடம்பு அது. ஷேவர்ஸை ஜெயித்த, ஃபோர்மேனிடம் தோற்ற அந்த மனிதர் பிற்பாடு சொன்னது: ஃபோர்மேன் பலமாகத்தான் அடிப்பார், ஆனால் ஷேவர்ஸ் மாதிரி யாரும் அடித்ததில்லை. ஃபோர்மேனைச் சொல்லியிருந்தால், தன்னை வீழ்த்தியவரை உயர்த்திப் பேசுகிறார் என்று நினைக்க இடம் உண்டு. தான் ஜெயித்த ஆளின் பெயரைச் சொன்னார். எனக்கு இந்தச் சாட்சியம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

அடுத்த சாட்சி அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸ். 1979 செப்டம்பர் 28 அன்று ஏழாவது ரவுண்டில் ஷேவர்ஸின் வலது கை மேலிருந்து வந்து இறங்கியது. ஹோம்ஸ் வெட்டிய மரம் மாதிரி விழுந்தார். எப்படியோ எழுந்து, பதினோராவது ரவுண்டில் சண்டையை ஜெயித்தார். எட்டு வருடம் கழித்து, 38 வயதில், டைசனோடு மோதி நான்காவது ரவுண்டில் மூன்று முறை விழுந்து தோற்றார். 75 சண்டைகளில் நாக் அவுட் ஆனது அந்த ஒரு முறைதான். ஆனாலும் டைசனைவிட ஷேவர்ஸின் அடிதான் கனம் என்று ஹோம்ஸ் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது அலி. 1977 செப்டம்பர் 29, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். இரண்டாம் ரவுண்டில் ஷேவர்ஸின் வலது கை அலியை உலுக்கிவிட்டது. அலி கிறங்கியதுபோல் நடிக்கிறார் என்று நினைத்து ஷேவர்ஸ் தயங்கி நின்றார். அலி நடிக்கவில்லை. பதினைந்து ரவுண்டும் தாங்கி, புள்ளிகளில் ஜெயித்த அலி, ஷேவர்ஸ் அடித்த அடியில் ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் சொந்தக்காரர்களே ஆடிப்போனார்கள் என்றார். இந்தச் சண்டைக்குப் பிறகுதான் அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, இனி இவர் ரிங்கில் ஏறக் கூடாது என்று சொல்லி விலகிக்கொண்டார்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அந்த எல்லிஸும் ஷேவர்ஸின் கையில் மாட்டியவர்தான். 1973-இல் முதல் ரவுண்டிலேயே, கீழிருந்து மேலே ஏறும் ஒரே அப்பர்கட்டில்.

டைசனைச் சீக்கிரம் கடந்து போகிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். 178 சென்டிமீட்டர் உயரத்தில், தோல்வியே அறியாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்தவர். ஆனால் டைசனின் பயங்கரம் ஒரு குத்தில் இல்லை. விலாவில் ஒன்று விழும், அதைத் தடுக்கக் கை இறங்கும், அதே நொடியில் தாடையில் அடுத்தது வந்துவிடும். எதிராளி பார்க்காத குத்துதான் அவனைச் சாய்க்கும், டைசனிடம் யாராலும் இரண்டாவது குத்தைப் பார்க்க முடியவில்லை. வேகத்தையும் கோணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவரே முதல் ஆள். வெறும் கனம் என்றால் இல்லை. டில்லிஸ், மிட்ச் கிரீன், போன்கிரஷர் ஸ்மித், டோனி டக்கர் என்று அவருடைய உச்சக் காலத்திலேயே நான்கு பேர் கடைசி மணி வரை நின்றிருக்கிறார்கள்.

வைல்டர் வேறு ரகம். ஒல்லியான கால்கள், 211 சென்டிமீட்டர் கைவீச்சு, சாட்டை மாதிரி வரும் வலது கை. 2019-இல் லூயிஸ் ஆர்டிஸிடம் மூன்று அட்டைகளிலும் பின்தங்கியிருந்தவர், ஏழாவது ரவுண்டில் ஒரே குத்தில் கதையை மாற்றினார். இவரை ஷேவர்ஸுக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் தயக்கம் இல்லை. தயக்கம் எதிராளிகளின் தரத்தில்தான். 2018-இல் வைல்டரிடம் டைசன் ஃபியூரி (மைக் டைசன் அல்ல, வேறு ஆள்) பன்னிரண்டாவது ரவுண்டில் விழுந்து எழுந்தார், 2021-இல் இரண்டு முறை விழுந்து எழுந்தார். அப்படிப்பட்ட தாடையோடு வைல்டர் மோதியது மிகக் குறைவு.

பழைய சாம்பியன்களான ஜோ லூயிஸ், மார்சியானோ, லிஸ்டன் மூவரும் இந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியவர்கள். 1938-இல் லூயிஸ் ஷ்மெலிங்கை 124 நொடியில் முடித்த சண்டையைப் பாருங்கள், அதைவிடச் சுத்தமான குத்துகளை நான் பார்த்ததில்லை. ஆனால் லூயிஸும் மார்சியானோவும் தங்கள் உச்சக் காலத்தில் சுமார் 90 கிலோவோ அதற்கும் குறைவாகவோ இருந்தவர்கள். எடைக்கு எடை பார்த்தால் மார்சியானோவுக்கே என் ஓட்டு. இங்கே கேள்வி அது இல்லையே.

ஷேவர்ஸுக்கு எதிரான வாதம் ஒன்றே ஒன்றுதான், அதில் நியாயமும் இருக்கிறது. அலி, ஹோம்ஸ், லைல் மூவருமே அவரைத் தாங்கி ஜெயித்தார்களே, அப்படியானால் என்ன பெரிய குத்து? இதற்கு என் பதில்: ஷேவர்ஸுக்கு அந்த வலது கையைத் தவிர வேறு எதுவும் பெரிதாக இல்லை. மூச்சு தாங்காது, தன் தாடையும் உறுதி இல்லை, விழுந்தவனை முடிக்கும் நிதானமும் வராது. ஃபோர்மேனிடம் எதிராளியைப் பிடித்து நிறுத்தும் உடம்பு இருந்தது, இரண்டு கையிலும் பலம் இருந்தது, முதல் குத்து முடிக்காததை ஐந்தாவது குத்து முடித்தது. அழிக்கும் சக்தி என்று கேட்டால் ஃபோர்மேன்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஒரே ஒரு குத்தின் கனம் என்று கேட்டால், லைலின் பேச்சை மீறி வேறு பெயர் சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.