பெட்டியில் கொண்டுபோன ஜிங்க் டப்பா

இந்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு ஒரு ஜிங்க் (துத்தநாகச் சத்து) மாத்திரை டப்பா வாங்கிப் போனேன். ஒரு மாத்திரையில் 50 மி.கி. எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று எங்கோ படித்த ஞாபகம், அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

மறுநாள் காலை, பல் தேய்த்த கையோடு வெறும் வயிற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டார். அரை மணி நேரத்தில் குமட்டல், அப்புறம் வாந்தி. முந்தின நாள்தான் சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பித்திருந்தார். அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றவில்லை. ஆனால் உள்ளே போனபின் டாக்டர் அவசரப்படவே இல்லை. "வீட்ல போடற எல்லா மாத்திரையும் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டுப் பையை மேசைமேல் கவிழ்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்தார். ரத்தச்சோகைக்கு இரும்பு மாத்திரை, ஒரு மல்டிவைட்டமின், ஆன்டிபயாடிக், கடைசியாக என் டப்பா. மல்டிவைட்டமினிலேயே 15 மி.கி. ஜிங்க் இருந்தது. பெண்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 8, ஆண்களுக்கு 11, சாப்பாட்டையும் சேர்த்துப் பெரியவர்களுக்கு 40 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்றார். அம்மா மாத்திரையிலேயே 65 தொட்டிருந்தார்.

ஒரு நாள் கூடிப்போனால் வயிற்றைப் புரட்டும், அதோடு சரியாம். மாதக்கணக்கில் கூடினால்தான் வினை. ஜிங்க் அதிகமானால் குடல், செம்பை உடம்புக்குள் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு குறைந்தால் ரத்தச்சோகை வரும், வெள்ளை அணுக்கள் குறையும், கால் மரத்து நடை தடுமாறும். "ரத்தச்சோகைக்கு மருந்து போட்டுக்கிட்டே இன்னொரு பக்கம் ரத்தச்சோகைய வரவழைப்பீங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆன்டிபயாடிக் விஷயம் இன்னும் மோசம். சிப்ரோஃப்ளாக்ஸசினும் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளும் ஜிங்க்கோடு வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. ஜிங்க்குக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக், இல்லையென்றால் ஜிங்க் போட்டு நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்து. இரும்பு மாத்திரையும் ஜிங்க்கும் ஒரே நேரத்தில் வேண்டாம். ஆன்டிபயாடிக் வாங்கிய மருந்துக் கடையிலோ மல்டிவைட்டமினையும் சேர்த்து ஒரே கவரில் போட்டு, "எல்லாம் காலைல" என்று பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் கடைக்கு அப்புறம் போகவில்லை.

வேறு கடையில் இருந்த மருந்தாளுநர் பெண் நல்ல பொறுமைசாலி. சில அட்டைகளில் பெரிய எழுத்தில் இருப்பது ஜிங்க் கலந்த உப்பின் (சல்பேட், குளுக்கோனேட் மாதிரி) மொத்த எடை, பொடி எழுத்தில் இருப்பதுதான் ஜிங்க்கின் எடை என்று விரலை வைத்துக் காட்டினார். ஜிங்க் சல்பேட் 220 மி.கி. என்றால் உள்ளே இருப்பது சுமார் 50. குளுக்கோனேட் 50 மி.கி. என்றால் ஏழுதான். இத்தனை வருஷமாக இதைக் கவனித்ததே இல்லை.

தங்கை குழந்தைக்கு வயிற்றுப்போக்கின்போது கொடுத்த ஜிங்க்கை, மூன்றாம் நாளே சரியாகிவிட்டது என்று நிறுத்தியிருந்தாள். அதையும் கேட்டேன். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மி.கி., பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு அது மாற்று இல்லை என்றார். தங்கை உடனே மீதி அட்டையைத் தேடி எடுத்தாள்.

டப்பா என்னோடேயே திரும்பி வந்துவிட்டது. சரி, நானாவது போடலாமே என்று மூடியைத் திறந்தேன். பக்கத்தில் என் மல்டிவைட்டமின் டப்பா. திருப்பிப் பொடி எழுத்தைப் பார்த்தால், ஜிங்க் 11 மி.கி.