அப்பாவின் தேனிலவும் ஐந்து சதவீதமும்

கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கிற ஒரு டிராவல்ஸைப் பற்றியது இது. பெயர் வேண்டாம். உரிமையாளர் எனக்கு மாமன் முறை. எழுதவே கூடாது என்றுதான் அப்பா சொன்னார். ஸ்டுட்கார்ட் திரும்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

இந்தத் தடவை கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது எல்லோரும் சேர்ந்து அந்தமான் போவதாக ஏற்பாடு. ஜெர்மன் பள்ளிக்கூடம் கொடுப்பதே இரண்டு வாரம்தான். அதற்குள் அந்தமானும் போய், பாரியூர் அம்மன் கோயில் குண்டம் தீமிதிக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. நான் இங்கிருந்தே இணையத்தில் அறை போட்டுவிடுகிறேன் என்றேன். "நம்ம ஊர்ல ஆள் இருக்கறப்ப நீ எதுக்கு அங்கிருந்து தட்டிக்கிட்டு" என்று அப்பா முடித்துவிட்டார். ஒன்பது பேர், நான்கு அறை: அப்பா அம்மா, அக்கா மச்சான், நாங்கள் இருவரும் ஆறு வயது மகளும், அப்புறம் அத்தையும் என் பதின்மூன்று வயது மகனும். மொத்தம் 3,20,000 ரூபாய். கடலைப் பார்த்த அறை என்று மாமா இரண்டு தடவை சொன்னார். நான் குறித்தும் வைத்துக்கொண்டேன். ஜெர்மனிக்குப் போய்ப் பதினோரு வருடத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம்.

அவர் கொடுத்த பயணத் தாளில் ஓரிடத்தில் ஹேவ்லாக், ஓரிடத்தில் ஸ்வராஜ் தீவு. போர்ட் பிளேருக்கும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள் அல்லவா, அதுவும் இரண்டு பெயரில் இருந்தது. "நாலு ஊரு காட்டறாங்களாட்டம் இருக்குது" என்று அத்தை மூன்று நாள் சந்தோஷமாக இருந்தார். இரண்டுதான் என்று விமானத்தில் வைத்துத்தான் சொன்னேன்.

விமானம், படகு, செல்லுலார் சிறை எல்லாம் சரியாக நடந்தன. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஹேவ்லாக்கில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பிற்பகலில் ஆரம்பித்தது எல்லாம்.

அப்பா முதலில் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு கால் வைத்தார். அப்படியே பின்னால் வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "இது வேற யாரோ புதுசாக் கண்ணாலம் ஆனவங்க ரூமுங்க" என்று பெட்டி தூக்கி வந்த பையனிடம் சொன்னார். எட்டிப் பார்த்தேன். கட்டிலின் நடுவில் ரோஜா இதழால் ஒரு பெரிய இதயம். அதன் மேல் துண்டை முறுக்கிச் செய்த இரண்டு அன்னம், மூக்கோடு மூக்கு. மேசையில் கேக், அதில் சிவப்புக் கிரீமில் 'ஹேப்பி ஹனிமூன்'. அப்பாவுக்கு எழுபத்தொன்று. அம்மாவுக்கு அறுபத்தாறு.

நான்கு அறையிலும் இதே அலங்காரம். அத்தையும் என் மகனும் தங்க வேண்டிய அறையிலும்தான். அத்தை வருவதற்குள் மகன் உள்ளே புகுந்து அன்னத்தைப் பிரித்துத் துண்டாக்கி, கேக்கின் மேல் எழுத்தை விரலால் வழித்துத் தின்றுவிட்டான். அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அம்மா கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஓர் இதழை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "ஒரு கிலோவுக்குக் கொறையாது. சத்தியில இன்னிக்கு என்ன வெலையோ" என்றார். பிறகு அத்தனையையும் துண்டில் வழித்து மூட்டையாகக் கட்டினார். சாமிக்கு வைக்கலாமா என்று அத்தை கேட்டதற்கு, "கட்டில்ல போட்ட பூவைச் சாமிக்கு வெப்பாங்களா?" என்று பதில் வந்தது. அந்த மூட்டை நாங்கள் கிளம்பும் வரை குளியலறைக் கொக்கியில் தொங்கியது. எறியவும் மனசில்லை, வைக்கவும் இடமில்லை.

வரவேற்பில் போய்க் கேட்டேன். கணினியைத் திருப்பிக் காட்டினார்கள். நான்கு ஜோடி, நான்கு தேனிலவுப் பேக்கேஜ், கோபியிலிருந்து வந்த பதிவு அப்படித்தான். மாற்ற முடியாதாம். இரவு மெழுகுவர்த்தி விருந்தும் இதில் சேர்ந்ததாம்.

அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடுகிறது. கோயம்புத்தூரிலிருந்து அவ்வளவு தூரம் கிழக்கே போயும் கடிகாரம் மட்டும் அதே இந்திய நேரம். ஏழரைக்கு விருந்து என்றார்கள். இருட்டி இரண்டு மணி நேரமாகி, அப்பா பசியில் கொண்டுவந்த கச்சாயத்தில் நான்கைத் தின்று முடித்திருந்தார். மணலில் நான்கு மேசை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாற்காலி, சுற்றி விளக்கு. மேசைக்கு மேசை முப்பது அடி தள்ளி; தனிமை வேண்டுமாம். என் மகளுக்கு நாற்காலியே இல்லை, மடியில் உட்கார்ந்தாள்.

நாற்பத்தி நான்கு வருடக் குடித்தனத்தில் அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்பா சாப்பிடுவார், அம்மா நின்று பரிமாறுவார், அப்புறம் தனக்குப் போட்டுக்கொள்வார். அங்கேயும் அதுதான் நடந்தது. பரிமாற வந்த பையன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு அம்மா எழுந்துவிட்டார். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவுக்குப் பின்னால் நின்றான். போட்டோ எடுக்க வந்தவர் அப்பாவிடம், மேடத்தின் கையைப் பிடியுங்கள் என்று சைகை காட்டினார். "அதெல்லாம் வேண்டாமுங்க" என்று அப்பா இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அப்பா. "அங்க என்ன போட்டாங்க? இங்க ஏதோ வெள்ளையா ஒண்ணு வெச்சிருக்கறாங்க, அது மீனா பன்னீரா?" சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் இழுத்து 2020-இல் இந்தத் தீவுகளுக்கு நல்ல இணைப்புக் கொடுத்தார்கள். முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்த அப்பா என்னோடு பேசுவதற்கு அது பயன்பட்டது.

கடைசியில் அந்தப் பரிமாறும் பையன்தான் காப்பாற்றினான். தமிழ்ப் பையன், தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்களாம். மேலாளர் அந்தப் பக்கம் போனதும், "தூக்குங்கண்ணே" என்றான். நானும் மச்சானும் அவனும் சேர்ந்து நான்கு மேசையையும் இழுத்து ஒன்றாகப் போட்டோம். ஸ்டுட்கார்ட்டில் விதியை இப்படி மீறி ஒருத்தன் எனக்கு உதவி செய்ததே இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

கடலைப் பார்த்த அறையா? சன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பு. இடது மூலையில் ஜெனரேட்டர். கோபியில் ஐந்து ஏக்கர் தென்னைக்கு நடுவில் இருக்கிற மனிதரை விமானத்திலும் படகிலும் ஏற்றிக் கொண்டுபோய் இன்னொரு தென்னந்தோப்பைக் காட்டியிருக்கிறோம். அப்பாவோ விடிகாலையிலேயே தோப்புக்குள் போய்விட்டார். மட்டையெல்லாம் விசிறி மாதிரி வெட்டுப்பட்டிருந்தது, காண்டாமிருக வண்டு. வேப்பம்புண்ணாக்கை மணலோடு கலந்து குருத்து மட்டை இடுக்கில் வைக்கச் சொல்லி, தமிழ் தெரியாத வங்காளித் தோட்டக்காரருக்குக் கையாலேயே பாடம் நடத்தினார். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று சொன்ன ராதாநகர் கடற்கரையில் அவர் நின்றது இருபது நிமிடம். தோப்பில் ஒன்றரை மணி நேரம்.

ஊருக்கு வந்த மறுநாள் டிராவல்ஸ் படியேறினேன். கையில் ஒரு தாள் இருந்தது. ஜெர்மனியில் சுற்றுலாப் பேக்கேஜில் சொன்னது கிடைக்காவிட்டால் எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு பிராங்பர்ட் நீதிமன்றம் 1985-இல் ஒரு பட்டியல் போட்டது. வழிகாட்டிதான், சட்டமில்லை, ஆனாலும் ஆட்கள் அதைக் காட்டிப் பணம் வாங்குவார்கள். சொன்ன கடல் காட்சி இல்லையென்றால் 5 முதல் 10 சதவீதம். ராத்திரிச் சத்தத்துக்கு 10 முதல் 40. ஜெனரேட்டரை நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். வெறும் ஐந்து சதவீதம், 16,000 ரூபாய்.

"வாங்க மாப்ள, வாங்க! எப்ப வந்தீங்க? அம்மணி சௌக்கியமுங்களா?" காபி வந்தது. தேங்காய் பன் வந்தது. எனக்குத் தேங்காய் பன் என்றால் உயிர். அங்கே எந்த பேக்கரியிலும் கிடைக்காது. வாய் நிறைய பன்னோடு எப்படிப் புகார் சொல்வது? முழுங்கிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

பொறுமையாகக் கேட்டார். "குடும்பம்னு போட்டா ரூமுக்கு நாலாயிரம் சேத்தி வருதுங்க மாப்ள. ஹனிமூன்ல ஆஃபர் ஓடுச்சு. உங்களுக்குத்தானுங்க மிச்சம் பண்ணிக் குடுத்தேன்." தாளை நீட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இதுக்கெல்லாங் கூட பட்டியல் போட்டு வெச்சிருக்கறாங்களா? பரவால்லைங்க ஜெர்மன்காரங்க." பிறகு என் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மச்சான், ரூமு எப்படீங்க இருந்துச்சு?"

"அருமைங்க மச்சான். தோப்பப் பாத்தாப்பல. நம்மூட்டுல இருந்த மாதிரியே இருந்துச்சுங்க."

என் வழக்கு அங்கேயே முடிந்தது. ஸ்டுட்கார்ட்டில் புகார் மேசையில் இருப்பவர் முகம் கொடுத்துக்கூடப் பேசமாட்டார். கடிதம் போட்டால் ஆறு வாரத்தில் பணம் வந்துவிடும். இங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டு, இரண்டாவது பன்னையும் தட்டில் வைத்துவிட்டார். எழுந்தபோது, "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுங்க" என்று ஒரு கவரைக் கையில் திணித்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். உள்ளே மடித்து 3,000 ரூபாய்.

கல்யாணத்துக்கு நான் இல்லை. அப்பாதான் போய்வந்தார். போனில் பந்தியைப் பற்றி வெகுநேரம் பேசினார். மொய் எவ்வளவு எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"ஐயாயிரத்து ஒண்ணு. உம்பேர்லதான் எழுதியிருக்குது."